ஊதியம் பிந்தும் மாதங்கள்



குறைவான ஊதியத்தைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். அதைவிடக் குறைவாகப் பேசப்படும் மற்றொரு துன்பம் இருக்கிறது. உரிய தேதியில் வராத ஊதியமே அது. இம்மாதம் அதைப் பற்றிச் சில செய்திகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இவ்விரண்டும் ஒரே துன்பத்தின் இரண்டு பெயர்கள் அல்ல. மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் ஒருவருக்கு ஐந்தாம் தேதியன்று அத்தொகை தவறாமல் வந்து சேருமாயின், அவர் வீட்டுப் பெண்மணி அதற்குள் ஒரு குடும்பத்தை நடத்திக் காட்டிவிடுவார். மாதம் 18,000 ரூபாய் ஈட்டியும், அது ஏழாம் தேதி வருமா, பதினேழாம் தேதி வருமா, பாதி இப்பொழுதும் பாதி பிறகுமாக வருமா என்று அறியாத வீட்டிலோ, அந்த அதிகப்படியான மூவாயிரம் இருப்பதாகவே தெரியாது. அது எங்கே போகிறது? கணக்கிட்டுப் பாருங்கள். ஊதியம் பிந்திய மாதத்தில் கைமாற்று எங்கும் கிடைக்காமல் 5,000 ரூபாயைப் 'பத்து வட்டி'க்கு ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். கொடுப்பவர் முதல் மாத வட்டியைக் கழித்துக்கொண்டு 4,500 ரூபாயைத்தான் நீட்டுவார். ஊதியம் வந்ததும் முழு 5,000 ரூபாய் திருப்பப்படுகிறது. அதனால் அடுத்த மாதமும் அதே தொகை துண்டு விழுகிறது. மீண்டும் அதே வாசலில் நிற்க நேர்கிறது. ஆண்டு முழுவதும் இப்படியே நடந்தால் 6,000 ரூபாய், அதாவது ஒரு மாத ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு, வட்டியாகப் போய்விடுகிறது. முதலாளி ஒரு ரூபாயைக்கூடப் பிடித்தம் செய்யவில்லை. பிந்திக் கொடுத்தார், அவ்வளவுதான்.

இது பணக் கணக்கு. வேறொரு கணக்கும் உண்டு. வாழ்நாள் முழுவதும் வட்டியின் வாசனையே படாமல் இருந்துவிட வேண்டும் என்று எண்ணியிருந்த ஒரு மனிதர், தாம் செய்யாத தவற்றின் காரணமாக அந்த வாசலுக்குத் தள்ளப்படுகிறார். வட்டி வாங்குவதைப் போலவே கொடுப்பதும் நம் மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை அவர் நன்கு அறிவார். அறிந்தே அந்தப் படியில் கால் வைக்கும் ஒருவரின் மனம் என்ன பாடுபடும் என்பதை, ஊதியத்தைத் தாமதப்படுத்துகிறவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

உழைத்தவரின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன நபிமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. இப்னு மாஜாவில் பதிவாகியுள்ள அந்த ஹதீஸ் நம் மேடைகள் தோறும் ஒலிக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றி அது எதுவும் கூறவில்லை. எப்பொழுது கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றியே கூறுகிறது. தாராளமான முதலாளி என்று பெயரெடுத்தவர்கள்கூட இந்த இடத்தில் இடறிவிடுகிறார்கள். வசதி படைத்தவர் கடனைத் தள்ளிப் போடுவது அநீதி என்று மற்றொரு நபிமொழி கூறுகிறது. வேலை முடிந்த அந்தக் கணத்திலேயே கூலி ஒரு கடனாகிவிடுகிறது என்பதை நினைவிற் கொண்டால், இரண்டு நபிமொழிகளும் ஒரே பொருளைத் தொடுவது புலனாகும். மறுமை நாளில் அல்லாஹ் தானே எதிர்வாதியாக நிற்கப்போகும் மூவருள், முழு வேலையையும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவரும் ஒருவர் என்று புகாரியில் வந்திருக்கிறது.

குகையில் அகப்பட்டுக்கொண்ட மூவரின் வரலாற்றையும் நீங்கள் அறிவீர்கள். பெற்றோரைப் பேணியவரைப் பற்றியே நாம் பிள்ளைகளுக்கு அதிகம் சொல்லிக் கொடுக்கிறோம். மூன்றாமவரைப் பற்றி மத்ரஸாவில் நான் சற்று நிறுத்திச் சொல்வது வழக்கம். கூலியாள் ஒருவர் தம் கூலியை வாங்காமலே போய்விட்டார். அந்தச் சிறு கூலியை அவர் பெயரிலேயே வைத்துப் பெருக்கினார் முதலாளி. பல காலம் கழித்து வந்து கேட்டவரிடம், அதோ தெரிகிற கால்நடைகள் எல்லாம் உம்முடையவை என்றார். கேலி செய்யாதீர் என்று அந்தக் கூலியாள் கூறியதாக ஹதீஸில் வருகிறது. பிந்திய கூலியை அப்படித் திருப்பித் தந்தவரை அவர் கண்டதில்லை போலும், நாமும் கண்டதில்லை. வந்த தொகையை மட்டும், அதுவும் தவணை முறையில் பெற்றுக்கொண்டு, நன்றியும் கூறிவிட்டு வருகிறோம்.

மார்க்கம் இவ்வாறிருக்க, நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களில் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள்ளும், அதற்கு மேற்பட்ட இடங்களில் 10ஆம் தேதிக்குள்ளும் ஊதியம் கொடுக்கப்பட வேண்டும் என்று வைத்திருந்தது. அதன் இடத்தில் இப்பொழுது 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று அது நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. இதன்படி மாத ஊதியம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள், வாரக் கூலி விடுமுறைக்கு முந்திய கடைசி வேலை நாளில், நாட்கூலி அன்றைய வேலை முடியும்போதே கொடுக்கப்பட வேண்டும். வேலையை விட்டு விலகியவருக்கும் விலக்கப்பட்டவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்கப்பட வேண்டும். பழைய சட்டத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊதியம் பெறுகிறவர் இந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது. புதிய சட்டத்தில் அந்த வரம்பு இல்லை. ஊதியச் சீட்டுக் கொடுப்பதும் முதலாளியின் கடமையாகும்.

நிலுவையைக் கேட்டு மனுச் செய்ய மூன்றாண்டுக் கால அவகாசம் உண்டு. நிலுவையோடு சேர்த்து அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு இடமுண்டு. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஊதியம் கொடுத்துவிட்டதாக மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியைச் சேர்ந்தது என்பதாகும். 'கொடுக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்' என்று தொழிலாளியைப் பார்த்துக் கேட்பதற்கு இனி வழியில்லை.

ஆயினும் எத்தனை பேர் மனுச் செய்வார்கள்? வேலையும் வேண்டும், நிலுவையும் வேண்டும் என்ற நிலையில் உள்ளவர் முதலாளியின் மேல் மனுப்போடத் தயங்குவார். அந்தத் தயக்கத்தை நான் குறை கூறமாட்டேன். ஆனால் மனுச் செய்யாவிட்டாலும் குறித்து வைக்கலாம் அல்லவா? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எந்த மாத ஊதியம், எந்தத் தேதியில், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். வருகை அட்டை, வேலைக்கான அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்கிறவராயின், எந்த நிறுவனத்தின் வேலைக்காக அவர் ஆள் அனுப்புகிறார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரர் கைவிரித்தால் அந்த நிறுவனமே கூலிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்தே உள்ள விதி. அந்த நோட்டுப் புத்தகம் வேறொரு வகையிலும் பயன்படும். ஓராண்டுக் குறிப்பைப் பார்த்தீர்களானால், உங்கள் ஊதியம் உண்மையில் எந்தத் தேதியில் வருகிறது என்பது தெரியும். முதலாளி சொல்லும் தேதியை வைத்துக் குடும்பத்தைத் திட்டமிடாதீர்கள். நோட்டுப் புத்தகம் சொல்லும் தேதியை வைத்துத் திட்டமிடுங்கள்.

முதலாளிகள் அனைவரும் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் தோல் பதனிட்டும் காலணி மேற்பாகம் தைத்தும் கொடுக்கும் சிறு தொழில்களில் நம்மவர் பலர் இருக்கிறார்கள். சரக்கை வாங்கிச் சென்ற பெரிய நிறுவனம் பணத்தை இழுத்தடித்தால், அந்தச் சனிக்கிழமை கூலி கொடுக்க அவரிடம் என்ன இருக்கும்? சிறு தொழில்களிடம் வாங்கிய சரக்குக்கு 45 நாட்களுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. தொழிலாளி முதலாளியின் மேல் மனுச் செய்யத் தயங்குவதைப் போலவே, சிறிய முதலாளி பெரிய முதலாளியின் மேல் மனுச் செய்யத் தயங்குகிறார். மேலே உண்டாகும் தாமதம் ஒவ்வொரு படியாக இறங்கி, யாரிடமும் தள்ளிவிட முடியாத ஒருவரின் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த வீட்டுக்குக் கீழே படி இல்லை. ஆகவே நெருக்கடியில் உள்ள முதலாளி செய்யக்கூடியது ஒன்றுண்டு. பணம் வராது என்பது அவருக்கு ஒரு வாரம் முன்பே தெரிந்துவிடும். அன்றே அதைச் சொல்லிவிடட்டும். 'நாளை, நாளை' என்று பத்து நாள் சொல்வதைவிட, 'பதினைந்தாம் தேதிதான் முடியும், இப்பொழுது இந்த ஆயிரத்தை வைத்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு நாள் சொல்வது பெரும் உதவி.

வளைகுடா நாடுகளுக்குச் சபர் சென்றவர்களின் குடும்பங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இதழைப் படிக்கும் வீடுகளில் இரண்டுக்கு ஒன்றேனும் ஏதோ ஒரு வகையில் அக்கரையோடு தொடர்புடையதாக இருக்கும் என்று எண்ணுகிறேன். அங்கு நிலைமை முன்பைவிடச் சீர்பட்டிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஊதியத்தை வங்கி வழியாகவே கொடுக்க வேண்டும், கொடுக்கப்பட்டதா என்பதை அரசே கண்காணிக்கும் என்னும் ஊதியப் பாதுகாப்பு முறையை ஐக்கிய அரபு அமீரகம் 2009ஆம் ஆண்டிலும், சவூதி அரேபியா 2013ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாகவும், கத்தார் 2015ஆம் ஆண்டிலும் கொண்டுவந்தன. முறை இருந்தும் 2016ஆம் ஆண்டில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எண்ணெய் விலை வீழ்ந்ததைத் தொடர்ந்து, அரசிடமிருந்து வர வேண்டிய தொகை கட்டுமான நிறுவனங்களுக்கு வந்து சேரவில்லை. ஜித்தாவில் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் பல மாத ஊதியம் கிடைக்காமல், முகாம்களில் உணவுக்கும் வழியின்றித் தவித்தார்கள். இந்தியத் துணைத் தூதரகமும் அங்கு வாழும் நம் நாட்டவரும் உணவுப் பொருள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பலர் நிலுவைக் கணக்கைப் பதிந்துவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்திலும் அப்படித் திரும்பியவர்கள் உண்டு.

ஊதியம் வராத சபுராளி முதலில் செய்வது என்ன? வீட்டுக்குச் சொல்லாமல் மறைப்பார். அறைத் தோழரிடம் கடன் வாங்கி வழக்கமான தொகையை அனுப்புவார். இரண்டு மாதம் இப்படிப் போகும். மூன்றாம் மாதம் அறைத் தோழருக்கும் ஊதியம் வந்திராது. அப்பொழுதுதான் வீட்டுக்குச் செய்தி எட்டும். அதற்குள் இங்கே மனைவி, வரப்போகும் தொகையை நம்பி நாத்தனாரின் பிள்ளைக்குச் சீர் செய்திருப்பார். வீட்டுக்கு மேல்தளம் போடக் கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்திருப்பார். குற்றம் அவருடையதன்று. அவருக்குச் சொல்லப்படவில்லை.

சகோதரிகளே, இதில் உங்கள் பங்கும் சிறிது இருக்கிறது. தொலைபேசியில் கணவர் பேசும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி 'பணம் எப்பொழுது வரும்' என்பதாக இருந்தால், உண்மையைச் சொல்லும் துணிவு அவருக்கு எங்கிருந்து வரும்? 'இந்த மாதம் உங்களுக்குச் சம்பளம் போட்டார்களா' என்று கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே செய்தியைக் கேட்கின்றன என்று தோன்றும். முதற் கேள்வி அவரைக் கடன்காரராக்குகிறது. இரண்டாவது கேள்வி உங்களை அவர் பக்கத்தில் நிறுத்துகிறது. சகோதரர்களே, நீங்களும் மறைக்காதீர்கள். இங்குள்ளவர்கள் கஞ்சி குடித்துச் சமாளித்துக்கொள்வார்கள். தெரியாமல் செய்துவிட்ட செலவைத்தான் அவர்களால் திரும்பப் பெற முடியாது. இரண்டு மாதம் தொடர்ந்து ஊதியம் வராவிட்டால், மூன்றாம் மாதம் வரை காத்திராமல் அங்குள்ள தொழிலாளர் அலுவலகத்தில் முறையிடுங்கள். இந்தியத் தூதரகத்திலும் பதிவு செய்யுங்கள். இந்திய வெளியுறவு அமைச்சு 2015ஆம் ஆண்டில் தொடங்கிய 'மதத்' என்னும் இணைய வழி முறையீட்டை இங்கிருந்து குடும்பத்தாரும் செய்யலாம். ஒப்பந்தப் பத்திரத்தின் நகல் ஒன்று ஊரில், மனைவியின் பெட்டியில் இருக்க வேண்டும்.

இனி, வீட்டுக்குள் வருவோம்.

தள்ளிப்போகும் ஊதியத்தோடு வாழக் கற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் சகோதரிகளிடம் நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கிடைக்கும் வாரக் கூலி சிறியது. ஆனால் அது பெரும்பாலும் நாள் தவறாமல் வருகிறது. கணவரின் வருமானம் பெரியது; ஆனால் வரும் நாள் தெரியாது. அவர்களில் கெட்டிக்காரப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்றால், அரிசி, பருப்பு, பால் ஆகிய அன்றாடச் செலவை அந்தச் சிறிய, உறுதியான வருமானத்தோடு கட்டிவிடுகிறார்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், துணிமணி ஆகியவற்றைப் பெரிய வருமானத்தோடு கட்டுகிறார்கள். பெரிய பணம் பத்து நாள் பிந்தினால் வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்ளலாம், அடுப்பு அணைவதில்லை. நாமோ பெரும்பாலும் எல்லாவற்றையும் பெரிய வருமானத்தின் தலையில் ஏற்றி, சிறிய வருமானத்தைச் சில்லறைச் செலவென்று கரைத்துவிடுகிறோம்.

ஊதியம் கைக்கு வந்த நாளில் முதலில் வாங்க வேண்டியது அரிசி மூட்டை. கெட்டுப்போகாத பொருள்களில் ஒன்றரை மாதத்துக்கு உரியதை வாங்கிப் போட்டுவிட்டால், அடுத்த ஊதியம் இரண்டு வாரம் பிந்தினாலும் பசி இல்லை. இப்படிச் சேர்த்து வைப்பது தவக்குலுக்கு மாறானது என்று சிலர் எண்ணுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்ன யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு குர்ஆனிலேயே இருக்கிறது. குடும்ப அட்டைக்கு உரிய அரிசியை அந்தந்த மாதம் தவறாமல் வாங்குங்கள். 2011 ஜூன் முதல் தமிழகத்தில் அது விலையில்லாமல் கிடைக்கிறது. ரேஷன் அரிசியை வாங்குவது கௌரவக் குறைவு என்று கருதும் சில நடுத்தரக் குடும்பங்கள், அதே வாரத்தில் பத்து வட்டிக்குக் கடன் வாங்குவதைக் கௌரவக் குறைவாகக் கருதுவதில்லை. இதை நான் புரிந்துகொள்ள முயன்று பார்த்துவிட்டேன், முடியவில்லை.

அரிசி மூட்டை இரண்டு வாரத்தைத் தாங்கும். முழுத் தீர்வு வேண்டுமானால் ஒரு மாதம் பின்னால் நிற்கப் பழக வேண்டும். இந்த மாதம் வந்த ஊதியத்தை அடுத்த மாதம் செலவிடுவது. அப்பொழுது ஊதியம் ஏழாம் தேதி வந்தாலென்ன, இருபதாம் தேதி வந்தாலென்ன? ஒரு மாத ஊதியத்தை எங்கிருந்து மிச்சம் பிடிப்பது என்று கேட்பீர்கள். ஒரே மூச்சில் முடியாதுதான். ஒரு வாரம் பின்னால் நின்றாலே பாதி நெருக்கடி தீரும். தொழிற்சாலைகளில் வேலை செய்வோருக்கு ஆண்டுக்கு ஒருமுறை போனஸ் வருகிறது. சட்டப்படி குறைந்த அளவான 8.33 விழுக்காடு என்பது ஆண்டு ஊதியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாத ஊதியம். கணக்கிடுவதற்கு உச்சவரம்பு இருப்பதால் பலருக்கு அதைவிடக் குறைவாகவே கைக்கு வருகிறது. இருப்பினும், ஒருமுறை, ஒரே ஒரு முறை, அந்தத் தொகையைத் தொடாமல் வைத்துவிட்டால், பிந்திய ஊதியத்தின் பிடியிலிருந்து பெரும்பாலும் வெளியே வந்துவிடலாம். ஒரு பெருநாளைக்குப் பழைய துணி உடுத்தினால் போதும்.

பெருநாள் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. நம் வீடுகளில் இரண்டு நாட்காட்டிகள் தொங்குகின்றன. ஊதியம் ஆங்கில மாதத்தைப் பார்த்து வருகிறது; பெருநாள் பிறையைப் பார்த்து வருகிறது. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாட்கள் குறைவானது. 2024ஆம் ஆண்டில் தமிழகத்தில் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 11 அன்று வந்தது. மார்ச் மாத ஊதியம் பலருக்குக் கைக்கு வந்திருந்தது. அடுத்த ஆண்டு அதே பெருநாள் மார்ச் 31 அன்று வந்தது. மார்ச் ஊதியம் வர இன்னும் சில நாட்கள் இருந்தன. பிப்ரவரி ஊதியம் நோன்புக் கஞ்சியோடும் சஹர் உணவோடும் தீர்ந்துபோயிருந்தது. எத்தனை வீடுகளில் நகை அடகுக்குப் போயிருக்கும்! ஹஜ்ஜுப் பெருநாளோ 2023 முதல் மூன்றாண்டுகள் ஜூன் மாதத்திலேயே, பள்ளிகள் திறக்கும் பருவத்தை ஒட்டியே வந்தது. பிறை திடீரென்று தோன்றுவதன்று. அடுத்த ஆண்டுப் பெருநாள் ஊதிய நாளுக்கு முன்னால் விழுமா, பின்னால் விழுமா என்பதை, ஒரு நாள் கூடக்குறைய, இன்றைக்கே சொல்லிவிடலாம். குர்பானிக்கும் துணிக்கும் ஆறு மாதம் முன்பே மாதந்தோறும் சிறுதொகை எடுத்து வைக்கிறவர், ஊதியம் பிந்தினாலும் கலங்கமாட்டார்.

தவணைக்குப் பொருள் வாங்கியவர்களுக்கும், பள்ளிக் கட்டணத்தை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க ஒப்புக்கொண்டவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 2021 ஆகஸ்ட் 1 முதல் அத்தகைய பிடித்தங்கள் ஞாயிற்றுக் கிழமையிலும் விடுமுறை நாளிலும் நடக்கின்றன. முன்பு விடுமுறை என்றால் ஒரு நாள் தப்பும், இப்பொழுது தப்பாது. கணக்கில் பணமில்லை என்றால் வங்கி ஒரு தண்டத்தொகை போடும், தவணைக்காரர் மற்றொன்று போடுவார். ஐந்தாம் தேதி பிடிக்கும்படி எழுதிக் கொடுத்திருந்தால், உங்கள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து, ஊதியம் வழக்கமாக வரும் தேதிக்கு ஐந்து நாள் பின்னால் அதை மாற்றித் தருமாறு கேளுங்கள். கேட்டால் பல இடங்களில் மாற்றித் தருகிறார்கள். கேட்காதவர்கள்தாம் அதிகம்.

மளிகைக் கடைப் பற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடன் சுமையிலிருந்து அடிக்கடி பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்ல நேர்கிறது, வாக்களித்தால் மாறு செய்ய நேர்கிறது என்ற கருத்தில் விடை பகர்ந்தார்கள். ஊதியம் பிந்திய வீட்டில் இது நாள்தோறும் நடக்கிறது. கடைக்காரர் வாசலில் நிற்கிறார். 'வாப்பா இல்லை என்று சொல்' என்று உள்ளிருந்து குரல் வருகிறது. பிள்ளை வெளியே வந்து அப்படியே சொல்கிறது. நாம் மத்ரஸாவில் ஓராண்டு கற்றுக் கொடுப்பதை அந்த ஒரு நிமிடம் அழித்துவிடுகிறது. கடைக்காரரிடம் நீங்களே போய், அவர் கேட்பதற்கு முன்பே, 'இந்த மாதம் எங்களுக்கு இன்னும் ஊதியம் வரவில்லை, இருநூறு ரூபாயை இப்பொழுது வைத்துக்கொள்ளுங்கள், மீதியைப் பதினெட்டாம் தேதி தருகிறேன்' என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் பணத்துக்காக மட்டும் கோபப்படுவதில்லை. ஏமாற்றப்படுகிறோமோ என்ற அச்சத்தினால் கோபப்படுகிறார்கள்.

அப்படியும் முடியாத மாதம் வரும். அப்பொழுது 'மீட்டர் வட்டி'க்காரரையோ, வாரத் தவணைக் குழுக் கடனையோ நாடுவதற்கு முன், உங்கள் ஊரில் பைத்துல்மால் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நகையைப் பெற்றுக்கொண்டு வட்டியில்லாமல் கடன் கொடுக்கும் பைத்துல்மால்கள் தமிழகத்தில் பல ஊர்களில் நடந்து வருகின்றன. இல்லாத ஊரில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து மாதம் நூறு ரூபாய் போட்டாலே, ஓராண்டில் 12,000 ரூபாய் சேர்ந்துவிடும். ஊதியம் பிந்திய இரண்டு குடும்பங்களுக்குக் கைமாற்றாக அது போதும். ஊதியம் வந்ததும் திரும்பி வந்துவிடும் தொகைதானே!

கடைசியாக நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு வார்த்தை. பள்ளிவாசல் இமாம், மோதினார், மத்ரஸா உஸ்தாத் ஆகியோரின் ஊதியம் பல மஹல்லாக்களில் மாதச் சந்தா வசூலாவதைப் பொறுத்தே கொடுக்கப்படுகிறது. சந்தா பிந்தினால் ஊதியமும் பிந்தும். இந்தத் தொழிலில் இருபதாண்டுக்கு மேல் இருப்பவன் என்பதால் என் பேச்சில் சொந்த நலன் கலந்திருக்கிறது என்று நீங்கள் எண்ணினாலும் தவறில்லை. சந்தா கொடுப்பவர் அதை நன்கொடை என்று கருதுவதால் எப்பொழுது கொடுத்தாலும் நன்மைதான் என்று நினைக்கிறார். வாங்குபவருக்கோ அது ஊதியம். பாலுக்கும் மருந்துக்கும் உரிய தொகை. ஐவேளைத் தொழுகைக்கும் நிமிடம் தவறாமல் பாங்கு சொல்ல வேண்டியவருக்கு ஊதியம் மட்டும் எந்தத் தேதியிலும் வரலாம் என்பது எந்த வகை நியாயம்? ரமளானில் அன்பளிப்பு கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அன்பளிப்பு வேறு, கடன் வேறு. இரண்டு மாத ஊதியத்துக்குரிய தொகையைப் பைத்துல்மால் போலத் தனியே ஒதுக்கி வைத்துக்கொண்டு, சந்தா வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நாளில் கொடுத்துவிட்டு, வசூலானதும் அதில் திருப்பிச் சேர்த்துவிடும் ஏற்பாடு கடினமான ஒன்றன்று. வசதியுள்ள ஒருவர் ஒருமுறை மனம் வைத்தால் போதும்.

உங்கள் மஹல்லாவின் வரவு செலவு நோட்டை அடுத்த கூட்டத்தில் வாங்கிப் பாருங்கள். ஊதியத் தொகைக்கு ஒரு பத்தி இருக்கும். அது எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்பதற்கு ஒரு பத்தி இருக்கிறதா என்று கவனியுங்கள். இல்லையென்றால், அங்கேயே ஓர் அளவுகோலை வாங்கிக் கோடு போட்டுவிட்டு வாருங்கள்.